வீடு யார் பெயரில் இருந்தது?

கேள்வி இதுதான்: "பழைய இங்கிலாந்து நாவல்களில் வரும் கல்யாணமாகாத பெண்கள் வேலைக்குப் போவதாகத் தெரியவில்லை. ஆனாலும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், படிக்கிறார்கள், சிலர் எழுதவும் செய்கிறார்கள். பிறந்த வீடு அவர்களைச் சுதந்திரமாக வைத்திருந்ததா, அல்லது சோறு போட்டு ஒரு மூலையில் வைத்திருந்ததா?" பாசத்தைப் பற்றிய கேள்வி போலத் தோன்றினாலும் இது உண்மையில் கணக்கைப் பற்றிய கேள்வி. செலவுக்கான பணம் எங்கிருந்து வந்தது? அதை அவள் தன் இஷ்டப்படி செலவிட முடிந்ததா? "வீட்டைக் காலி செய்" என்று யாராவது சொன்னால் "மாட்டேன்" என்று சொல்ல அவளிடம் ஏதாவது காகிதம் இருந்ததா? முதல் இரண்டுக்கும் பல குடும்பங்களில் நல்ல பதிலே கிடைக்கிறது. மூன்றாவதில்தான் பெரும்பாலான வீடுகள் தோற்றுப்போயின.

ஓர் எல்லையை முதலிலேயே போட்டுவிடுகிறேன். நான் சொல்லப்போவது ஏறக்குறைய 1790 முதல் 1860 வரை, இங்கிலாந்தில் பாதிரியார்கள், சிறு நிலவுடைமையாளர்கள் ஆகியோரின் வீடுகளைப் பற்றி. கூலிக்காரர் வீட்டுப் பெண்கள் சின்ன வயதிலேயே வேறு வீடுகளுக்கு வேலைக்காரிகளாகப் போய்விடுவார்கள். பிறந்த வீடு அவர்களைத் தாங்கியது என்பதைவிட அவர்கள் பிறந்த வீட்டைத் தாங்கினார்கள் என்பதே பொருத்தம். அவர்களைப் பற்றிய கடிதமும் கணக்கும் மிகக் குறைவு. நடுத்தட்டுக் குடும்பங்கள் காகிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டதால்தான் அவர்கள் கதை நமக்கு இவ்வளவு தெளிவாகக் கிடைக்கிறது.

சட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. 21 வயது நிறைந்த கல்யாணமாகாத பெண்ணுக்கும் ஆணுக்கும் சொத்து விஷயத்தில் ஏறத்தாழ வேறுபாடே கிடையாது. அவள் நிலம் வாங்கலாம், விற்கலாம், கடன் கொடுக்கலாம், ஒப்பந்தம் போடலாம், வழக்குத் தொடரலாம், உயில் எழுதலாம். கல்யாணம் ஆன நாளோடு இதெல்லாம் போய்விடும். ரொக்கம், நகை, பங்குப் பத்திரம் கணவனுடையவை ஆகிவிடும். நிலம் அவள் பெயரிலேயே இருந்தாலும் அதன் வருமானம் அவன் கைக்குப் போகும். 1870, 1882 ஆண்டுகளின் மணமான பெண்கள் சொத்துச் சட்டங்கள் வந்துதான் இது மாறியது. பத்திரங்களில் பெண்ணின் பெயருக்குப் பின்னால் "ஸ்பின்ஸ்டர்" என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். நூல் நூற்பவள் என்பது அதன் மூலப்பொருள். பிற்பாடு அது ஏளனச் சொல்லாகிவிட்டது. பத்திரத்தில் மட்டும் அதன் பொருள் "இவளே கையெழுத்துப் போடலாம், வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை" என்பதுதான்.

உரிமை இருந்தது, சரி. அதைப் பயன்படுத்தச் சொத்து வேண்டுமே! உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் நிலமும் வீடும் மூத்த மகனுக்கு. ரொக்கமும் தட்டுமுட்டுச் சாமான்களும் மட்டும், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு போக, ஆண் பெண் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரியும். பெரிய பண்ணைகளில் உயிலும் குடும்ப ஒப்பந்தமும் மூத்தவனை இன்னும் இறுக்கமாகப் பிடித்து உட்கார வைத்தன. பெண் பிள்ளைகளுக்கு என்று ஒரு தொகை ஒதுக்குவார்கள், அவ்வளவுதான். இந்த நாவல்களைப் படிக்கும்போது ஒரு சூத்திரம் உதவும். ஆண் என்றால் வருமானத்தைச் சொல்வார்கள், "ஆண்டுக்கு இத்தனை ஆயிரம்" என்று. பெண் என்றால் முதலைச் சொல்வார்கள், "அவளுக்கு இத்தனை ஆயிரம் இருக்கிறது" என்று. பெண்ணின் தொகையை ஆண்டு வருமானமாக்க நூற்றுக்கு நான்கோ ஐந்தோ போட்டுப் பாருங்கள். 1,000 பவுண்டு உள்ள பெண்ணுக்கு ஆண்டுக்கு 40, 50 பவுண்டு. தனியாக வாடகைக்கு வீடெடுத்து, வேலைக்காரி வைத்து, மரியாதையாக வாழ அது போதாது. ஆனால் வாடகை இல்லாத வீடு ஒன்று அமைந்து, அதே அளவு வருமானமுள்ள இன்னும் இரண்டு மூன்று பெண்கள் அதில் சேர்ந்துவிட்டால் தாராளமாகவே போதும். பிறந்த வீடு செய்த முக்கியமான உதவி இந்த இடத்தில்தான். அது பணம் கொடுத்ததைவிட, இருந்த சிறு பணங்களை ஒன்று சேர்த்து வாடகை என்ற பெரிய ஓட்டையை அடைத்தது.

இதற்கு நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் குடும்பக் கணக்கைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம். அப்பா ஜார்ஜ் ஆஸ்டின் ஸ்டீவன்டன் என்ற ஹாம்ப்ஷயர் கிராமத்தின் பாதிரியார். பாதிரியார் குடியிருக்கும் வீடு திருச்சபையுடையது. வேலை இருக்கும்வரைதான் வீடு. 1801-ல் அவர் பொறுப்பை மூத்த மகன் ஜேம்ஸிடம் விட்டுவிட்டு மனைவியோடும் இரண்டு மகள்களோடும் பாத் நகருக்குப் போனபோது வீட்டுச் சாமான்களையும் சுமார் 500 புத்தகங்களையும் விற்றார்கள். ஜேனின் பியானோ 8 கினிக்குப் (கினி என்பது பவுண்டைவிடச் சற்று அதிகம்) போயிற்று. 25 வயதுப் பெண் அவள். தன் அறையையும் பியானோவையும் காலி செய்வது பற்றி அவளிடம் யாரும் யோசனை கேட்டதற்குச் சான்று இல்லை. மறு ஆண்டு டிசம்பரில் ஹாரிஸ் பிக்-விதர் என்ற நில வாரிசு அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டார். மாலையில் சம்மதித்தவள் மறுநாள் காலையில் மறுத்துவிட்டாள். சம்மதித்திருந்தால் பெரிய வீடு ஒன்று அவளுக்குக் கிடைத்திருக்கும்; மேலே சொன்ன கையெழுத்துப் போடும் உரிமை போயிருக்கும். அவள் எதை நினைத்து மறுத்தாள் என்பதற்கு அவள் எழுத்தில் எதுவும் மிஞ்சவில்லை. அக்கா கசாண்ட்ரா பிற்காலத்தில் கடிதங்களில் பலவற்றை எரித்துவிட்டாள். எனவே "எழுதுவதற்காகவே கல்யாணத்தை மறுத்தாள்" என்று யாராவது உறுதியாகச் சொன்னால் அதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

1805 ஜனவரி 21 அன்று அப்பா இறந்தார். திருச்சபை வருமானம் அன்றோடு நின்றது. அம்மாவுக்கும் கசாண்ட்ராவுக்கும் சொந்தமாக வந்தது ஆண்டுக்கு 210 பவுண்டு. கசாண்ட்ராவின் பங்கு எங்கிருந்து வந்தது என்பது சோகமான கணக்கு: அவளுக்கு நிச்சயித்திருந்த டாம் ஃபௌல் 1797-ல் மேற்கிந்தியத் தீவுகளில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தபோது 1,000 பவுண்டை அவளுக்கு எழுதி வைத்திருந்தார். ஜேனுக்குச் சொந்த வருமானம் என்று ஒரு பவுண்டும் இல்லை. அண்ணன் தம்பிகள் கூடிப் பேசினார்கள். எட்வர்டு ஆண்டுக்கு 100, ஜேம்ஸ் 50, ஹென்றி 50 என்றார்கள். கடற்படையில் இருந்த ஃபிராங்க், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லி 100 தர முன்வந்தார். விஷயம் தெரிந்ததும் அம்மா 50 மட்டும் ஏற்றுக்கொண்டார். மொத்தம் 460. மூன்று பெண்களுக்கு, சொந்த வண்டி இல்லாமல், ஓரிரு வேலைக்காரர்களோடு வாழப் போதும். ஆனால் கவனியுங்கள்: 460-ல் 250, அதாவது பாதிக்கு மேல், ஆண்களின் வாய்ச்சொல். எழுதிக்கொடுத்த கடமை அல்ல. நம் ஊர் வழக்கில் சொன்னால் ஜீவனாம்சம் போல, ஆனால் கோர்ட்டுக்குப் போய்க் கேட்க முடியாத ஜீவனாம்சம்.

இந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டும் நான்கு ஆண்டுகள் அவர்களால் ஓரிடத்தில் ஊன்ற முடியவில்லை. பாத்தில் கே தெரு, அப்புறம் அதைவிட மட்டமான ட்ரிம் தெரு, பிறகு சவுத்தாம்ப்டனில் ஃபிராங்கின் மனைவியோடு சேர்ந்து ஒரு வீடு, நடுவில் உறவினர் வீடுகளில் மாதக்கணக்கில் விருந்து. உறவினர் வீட்டு விருந்து என்பது இலவசம் அல்ல. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பிரசவத்துக்கு உதவ வேண்டும், தையல் வேலை செய்ய வேண்டும். திரும்பி வரும் நாளைக்கூடத் தானே தீர்மானிக்க முடியாது. அந்தத் தட்டுப் பெண் வாடகை வண்டியில் தனியாகப் போவது மரியாதை இல்லை என்பதால் எந்தச் சகோதரன் எப்போது அந்தப் பக்கம் போகிறானோ அதுவரை காத்திருக்க வேண்டும். 1803-ல் ஒரு பதிப்பாளர் 10 பவுண்டுக்கு வாங்கிப் போட்டுவிட்டு அச்சிடாமல் வைத்திருந்த நாவலைப் பற்றி ஜேன் 1809-ல் புனைபெயரில் கடிதம் எழுதினாள். "அதே 10 பவுண்டைக் கொடுத்தால் திருப்பித் தருகிறேன்" என்று பதில் வந்தது. அவள் அதைத் திரும்ப வாங்கியது 1816-ல்தான். அப்பா இருந்த காலத்தில் அவளுக்குக் கிடைத்த ஆண்டுச் செலவுப் பணமே 20 பவுண்டு என்பதோடு சேர்த்துப் பாருங்கள், 10 பவுண்டு என்றால் என்னவென்று புரியும்.

திருப்பம் 1809 ஜூலையில் வந்தது. எட்வர்டைச் சின்ன வயதிலேயே பிள்ளையில்லாத பணக்கார உறவினர்களான நைட் தம்பதி சுவீகாரம் எடுத்திருந்தார்கள். கென்ட்டில் காட்மர்ஷமும் ஹாம்ப்ஷயரில் சாட்டனும் அவருக்கு வந்தன. சாட்டன் பண்ணையில், ஒரு காலத்தில் சத்திரமாக இருந்து பிறகு பண்ணை மேலாளர் குடியிருந்த ஒரு செங்கல் வீடு காலியாயிற்று. ஆறு படுக்கையறை, தோட்டம், கிணறு. ஆல்டன் ஊர் ஒரு மைல். எட்வர்டு அதை அம்மாவுக்கும் தங்கைகளுக்கும் வாடகையில்லாமல் கொடுத்தார். சாலையைப் பார்த்த பெரிய ஜன்னலை அடைத்துத் தோட்டப் பக்கம் புதிதாக ஒன்று திறந்தும் கொடுத்தார். போகிற வண்டியில் இருப்பவர்களெல்லாம் எட்டிப் பார்க்கிற வீடாக அது இருந்தது. மூன்று பெண்களோடு மார்த்தா லாயிட் என்ற தோழியும் வந்து சேர்ந்தாள். தன் அம்மா 1805-ல் இறந்தபின் தனியாக நின்றவள் அவள். மார்த்தாவின் வருகையைப் பலரும் தோழமை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அதில் தோழமையும் இருந்தது, குடும்பப் பொருளாதாரமும் இருந்தது: இன்னொரு சிறு வருமானம், இன்னொரு ஜோடிக் கை. ஒரே அடுப்பு, ஒரே விளக்கு, அதே வேலைக்காரர்கள்.

வேலைப் பங்கீடுதான் அந்த வீட்டின் உயிர்நாடி. அறுபது வயதைத் தாண்டிய அம்மா பச்சை நிற மேலங்கி ஒன்றைப் போட்டுக்கொண்டு தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டுவார். சமையல் மேற்பார்வை, சாமான் வாங்குவது, கணக்கு எல்லாம் கசாண்ட்ராவும் மார்த்தாவும்; மார்த்தாவின் சமையல் குறிப்பேடு இன்றும் இருக்கிறது. ஜேனுக்கு விழுந்தது காலைப் பலகாரம் மட்டும். 9 மணிக்குத் தேநீரும் ரொட்டியும் எடுத்து வைக்க வேண்டும். தேயிலை, சர்க்கரை, ஒயின் இருக்கும் அலமாரியின் சாவி அவளிடம். அந்தக் காலத்தில் தேயிலையும் சர்க்கரையும் பூட்டி வைக்கிற விலைச் சரக்கு. அது முடிந்தால் பகல் முழுவதும் அவளுடையது. அவள் மீண்டும் பியானோ வாங்கியதும் இந்த வீட்டுக்காகத்தான்; 30 கினிக்குள் கிடைப்பதில் நல்லதாகப் பார்க்க வேண்டும் என்று குடிவருவதற்கு முன்பே எழுதியிருக்கிறாள். காலையில் யாரும் எழுவதற்கு முன் வாசிப்பாள். கதவு கிறீச்சிட்டால் யாரோ வருகிறார்கள் என்று தெரிந்து தாளை மறைத்துக்கொள்வாள், அதனால் அந்தக் கதவுக்கு எண்ணெய் போடவே விடமாட்டாள் என்ற கதையை நீங்கள் கேட்டிருக்கலாம். அது அவள் இறந்து ஐம்பது ஆண்டுக்கு மேல் கழித்து அண்ணன் மகன் எழுதிய நினைவுக் குறிப்பிலிருந்து வருகிறது. இருந்திருக்கலாம். அந்த வீட்டில் எல்லாருக்கும் அவள் எழுதுவது தெரியும் என்பதும், எழுத அவளுக்கு நேரம் கிடைத்தது மற்ற மூவரின் உழைப்பால் என்பதும்தான் ஐயமில்லாத செய்தி.

இப்போது பணம். சாட்டனுக்கு வந்த இரண்டாண்டில், 1811 அக்டோபரில், "சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி" வெளிவந்தது. பதிப்பாளர் எகர்டன் போட்ட ஏற்பாடு "கமிஷன்" முறை: அச்சுச் செலவுக்குப் பொறுப்பு எழுதியவருடையது, நஷ்டம் வந்தால் அவள் தலையில், லாபம் வந்தால் பதிப்பாளர் தன் பங்கைக் கழித்துக்கொண்டு தருவார். நஷ்டத்துக்கென்று தன் சிறு பணத்தில் கொஞ்சம் ஒதுக்கியும் வைத்தாள். வாடகைக்கு வழி தேடிக்கொண்டிருப்பவளால் இந்தச் சூதாட்டத்தில் இறங்க முடியாது. வீடு இருந்ததால் முடிந்தது. முதல் பதிப்பு தீர்ந்து 140 பவுண்டு வந்தது, பதிப்புரிமையும் அவளிடமே. அடுத்த நாவலுக்கு அவள் கேட்டது 150, கிடைத்தது 110, அதுவும் பதிப்புரிமையை மொத்தமாக விற்று. "பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்" பல பதிப்பு ஓடியதில் அவளுக்கு அதற்குமேல் ஒரு பென்னிகூட வரவில்லை. 1815-ல் ஜான் மரே என்ற பெரிய பதிப்பாளர் "எம்மா" உட்பட மூன்று நாவல்களின் உரிமைக்கு 450 தருகிறேன் என்றபோது மறுத்துவிட்டுக் கமிஷன் முறைக்கே போனாள். இதில் அவள் கணிப்பு பலிக்கவில்லை: வேறொரு நாவலின் இரண்டாம் பதிப்பில் வந்த நஷ்டத்தை "எம்மா"வின் லாபத்தில் கழித்ததும் கைக்கு வந்தது 38 பவுண்டு 18 ஷில்லிங். வாழ்நாள் முழுவதும் எழுத்தில் சம்பாதித்தது 650 பவுண்டை ஒட்டித்தான். அதில் 600-ஐ ஐந்து சதவீதக் கடற்படைக் கடன் பத்திரத்தில் போட்டாள். ஆண்டுக்கு 30 பவுண்டு வட்டி. கல்யாணமான பெண்ணாக இருந்திருந்தால், வேறு ஏற்பாடு எதுவும் செய்துகொள்ளாத பட்சத்தில், அந்த வட்டி கணவனுக்குத்தான் போயிருக்கும். பேச்சுவார்த்தையைப் பெரும்பாலும் ஹென்றிதான் நடத்தினார் என்பதையும் சொல்ல வேண்டும். சட்டம் தடுக்கவில்லை, வழக்கம் தடுத்தது.

இந்த ஏற்பாடு எப்படி ஆட்டம் கண்டது என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். ஹென்றி லண்டனிலும் ஆல்டனிலும் வங்கி நடத்திக்கொண்டிருந்தார். 1816 மார்ச்சில் வங்கி திவாலானது. ஹென்றி வகித்த அரசு வரிவசூல் பதவிக்கு ஜாமீன் நின்ற எட்வர்டுக்கு 20,000 பவுண்டு நஷ்டம், மாமாவுக்கு 10,000. ஜேன் வங்கியில் வைத்திருந்தது சிறு தொகைதான். ஆனால் ஹென்றியும் ஃபிராங்கும் ஆண்டுதோறும் தந்த 50 பவுண்டுகள் நின்றன. பண்ணை வீட்டின் அஸ்திவாரத்துக்கே அதற்கு முன்பே அடி விழுந்திருந்தது. 1814-ல் பக்கத்துக் குடும்பம் ஒன்று, சாட்டன் சொத்துக்கு உண்மையான வாரிசு தாங்களே என்று எட்வர்டு மேல் வழக்குப் போட்டது. தோற்றால் எட்வர்டின் சாட்டன் நிலம் போகும், கூடவே இந்தப் பெண்களின் வீடும் போகும். 1818-ல் எட்வர்டு 15,000 பவுண்டு கொடுத்து, அதற்காகக் காட்டு மரங்களை விற்று, வழக்கை முடித்தார். அந்த நான்கு ஆண்டும் அவர்கள் குடியிருந்தது தீர்ப்புக்காகக் காத்திருக்கும் வீட்டில். 1817 மார்ச்சில் பணக்கார மாமா இறந்தபோது எல்லாரும் எதிர்பார்த்த உதவியும் வரவில்லை. மொத்தமும் அவர் மனைவிக்கு, மனைவியின் காலத்துக்குப் பிறகு உயிரோடிருக்கும் மருமக்களுக்குத் தலைக்கு 1,000 என்று எழுதியிருந்தார். நோயில் கிடந்த ஜேன் அடுத்த மாதமே தன் உயிலைத் தானே எழுதினாள். ஹென்றிக்கு 50, அவர் வங்கி முறிந்ததில் நஷ்டப்பட்ட மேடம் பிஜான் என்ற பிரெஞ்சுப் பணிப்பெண்ணுக்கு 50, மற்றதெல்லாம் கசாண்ட்ராவுக்கு. பணத்தை எங்கே வைப்பது என்பதில் அந்த உயில் மிகத் தெளிவு: மிகப் பெரிய பங்கு இன்னொரு கல்யாணமாகாத பெண்ணிடம் போயிற்று. சாட்சி கையெழுத்து இல்லாததால், அவள் கையெழுத்துதான் என்று தெரிந்தவர்கள் சத்தியம் செய்த பிறகே அது செல்லுபடியாயிற்று. உயில் எழுதுகிறவர்கள் இன்றும் செய்கிற தவறு.

ஹாவொர்த் என்ற ஊரின் பாதிரியார் வீட்டில் ஷார்லட், எமிலி, ஆன் என்ற எழுத்தாளர்களான பிரான்டி சகோதரிகளின் கதையும் இதே தடத்தில்தான், இன்னும் கடுமையாக. அங்கும் வீடு திருச்சபையுடையது. அப்பா பாட்ரிக் கண்ணை மூடினால் மகள்கள் தெருவில். வெளியே இருந்த ஒரே மரியாதையான வேலை குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் கவர்னஸ் வேலை. ஷார்லட் 1841-ல் வாங்கிய சம்பளம் ஆண்டுக்கு 20 பவுண்டு. துணி துவைத்த செலவைக் கழித்து 16. அந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது அம்மாவின் அக்கா எலிசபெத் பிரான்வெல், கல்யாணமாகாதவர். பென்ஸான்ஸிலிருந்து வந்து, தன் 50 பவுண்டு ஆண்டு வருமானத்தில் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டு இருபது ஆண்டுக்கு மேல் தங்கை பிள்ளைகளை வளர்த்தார். பிரஸ்ஸல்ஸில் படிக்கப் பணம் கொடுத்ததும் அவர்தான். 1842-ல் இறந்தபோது சேமிப்பை நான்கு பெண்களுக்குப் பிரித்தார்: மூன்று பிரான்டி சகோதரிகள், பென்ஸான்ஸில் இன்னொரு சகோதரியின் மகள், ஆளுக்குச் சுமார் 300. பிரான்டி சகோதரிகளின் ஒரே சகோதரனுக்குப் பணம் இல்லை. சாட்டனில் அண்ணன் செய்ததை இங்கே ஒரு பெரியம்மா செய்திருக்கிறார், பேச்சளவில் விடாமல் உயிலில் எழுதி. இந்த வகை உதவியைத்தான் அந்தக் காலக் காகிதங்களில் தேடிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். கல்யாணமாகாத அத்தை, பெரியம்மாக்கள் அண்ணன்களைவிடக் கணக்கில் நம்பகமானவர்கள்.

அந்தப் பணத்தை எமிலி யார்க் – நார்த் மிட்லண்ட் ரயில்வே பங்குகளில் பார்த்துக்கொண்டாள். 1844-ல் வீட்டிலேயே பள்ளி நடத்தலாம் என்று விளம்பரத் தாள் அச்சடித்தார்கள்: தங்கிப் படிக்க ஆண்டுக்கு 35 பவுண்டு. ஒரு பிள்ளைகூட வரவில்லை. ஊர் அவ்வளவு ஒதுக்குப்புறம். 1846-ல் சொந்தச் செலவில் கவிதைத் தொகுப்பு போட்டார்கள். முன்பணம் 31 பவுண்டு 10 ஷில்லிங். முதல் ஆண்டில் விற்றது இரண்டு பிரதி. பெரியம்மாவின் 300 இல்லாமல் அந்தத் தோல்வியைத் தாங்கியிருக்க முடியாது, அடுத்து நாவல் அனுப்பவும் தெம்பு இருந்திருக்காது. 1849-ல் ரயில்வே முதலாளி ஹட்சன் விழுந்தபோது பங்கும் விழுந்தது. 1854-ல் ஷார்லட் கல்யாணம் செய்துகொள்ளும் முன் தன் 1,600 பவுண்டுக்கு மேற்பட்ட பணத்தைத் திருமண ஒப்பந்தம் மூலம் தன் தனி உபயோகத்துக்கென்று ஒரு நம்பகரின் பொறுப்பில் வைத்தாள். பொதுச் சட்டத்தின் வாயிலிருந்து பணத்தைக் காப்பாற்ற அன்று இருந்த வழி இது ஒன்றுதான். வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசு இருந்தவர்களுக்கு மட்டும்.

பத்திரமும் வீடும் ஒரே பெண்ணிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹாலிஃபாக்ஸ் அருகே ஷிப்டன் ஹால் இருக்கிறது. கல்யாணமாகாத பெரியப்பாவும் அத்தையும் வாழ்ந்த வீட்டில் ஆன் லிஸ்டர் 1815-ல் குடிவந்தாள். 1826-ல் பெரியப்பா சொத்தை அவள் பெயருக்கு எழுதி வைத்துப் போனார். அப்பாவுக்கும் அத்தைக்கும் வருமானத்தில் ஆயுள் பங்கு இருந்தது. 1836-ல் இருவரும் இறந்தபின் முழுதும் அவளுக்கு. குத்தகைக்காரரிடம் வாடகை வசூலித்தாள், நிலக்கரிச் சுரங்கம் தோண்டினாள், வீட்டை இடித்துக் கட்டினாள், ரஷ்யா வரை பயணம் போனாள். யாரையும் கேட்கவில்லை. ஓட்டு மட்டும் கிடையாது. 1832 சீர்திருத்தச் சட்டம் வாக்காளர் ஆண் என்று எழுத்திலேயே சொல்லிவிட்டது. 1834 முதல் பக்கத்துப் பண்ணை வாரிசான ஆன் வாக்கர் அவளோடு வாழ்ந்தாள். லிஸ்டர் 1840-ல் ஜார்ஜியாவில் இறந்தபோது ஷிப்டனில் ஆயுள் பாத்தியம், கல்யாணம் செய்துகொள்ளாதவரை என்ற நிபந்தனையோடு, வாக்கருக்கு வந்தது. பத்திரம் இருந்தும் அந்த வீடு அவளைக் காக்கவில்லை. 1843-ல் உறவினர்கள் அவளைச் சித்த சுவாதீனம் இல்லாதவள் என்று சொல்லி வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். அவள் மனநிலை உண்மையில் எவ்வளவு மோசமாக இருந்தது என்பதில் ஆராய்ச்சியாளர்கள் ஒத்துப்போவதில்லை. சொத்து கைமாறும் நேரத்தில் இது நடந்தது என்பது மட்டும் எல்லாருக்கும் சம்மதம்.

"சுதந்திரமா, மூலையா" என்று நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். சாட்டனில் பகல் முழுவதும் ஜேனுடையது. ஆனால் வீடு என்றைக்கும் அவளுடையது அல்ல. ஒன்று உண்மை என்பதால் மற்றொன்று பொய்யாகாது. 1809-க்குப் பிறகுதான் அவள் நூல்கள் வெளிவந்தன என்பதால் வீடுதான் நாவல்களைத் தந்தது என்று சொல்பவர்களும் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். மூன்று நாவல்களின் முதல் வடிவங்கள் 1790-களில், அப்பாவின் பாதிரியார் வீட்டிலேயே எழுதப்பட்டுவிட்டன. சாட்டன் தந்தது திருத்தி எழுதும் அமைதியும், நஷ்டத்தைத் தாங்கும் தைரியமும்.

ஜேன் 1817 ஜூலை 18 அன்று வின்செஸ்டரில் இறந்தாள், 41 வயது. அம்மா 1827-ல் இறந்தார். மார்த்தா அடுத்த ஆண்டு, அறுபதைத் தாண்டிய வயதில், மனைவியை இழந்த ஃபிராங்கை மணந்து போனாள். கசாண்ட்ரா அந்த வீட்டிலேயே தனியாக இருந்தாள், 1845-ல் இறக்கும்வரை, எட்வர்டு வாடகை கேட்காமல். அவள் போனபின் பண்ணை நிர்வாகம் வீட்டைப் பல பகுதிகளாகத் தடுத்துக் கூலிக்காரக் குடும்பங்களுக்குக் குடியிருக்க விட்டது. ஹாவொர்த்தில் பாட்ரிக் பிரான்டி 1861-ல் இறந்ததும் தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. புதிய பாதிரியார் குடிவந்தார். மகள்களில் யாரும் அப்போது உயிரோடில்லை.